பதினோரு நாள் மிச்சம்

ஏணியை அப்புறம் சாத்தலாம் தம்பி. இப்ப ஏறினா ஓடு வழுக்கும், ராத்திரி பெஞ்ச பனி இன்னும் காயல. பதினொரு மணிக்கு மேல வெயில் எட்டிப் பார்க்கும். அதுவரைக்கும் உட்காருங்க, டீ போடறேன். கெட்டில்தான், ரெண்டு நிமிஷம். இப்ப இந்த வீட்ல கரண்டுக்குப் பஞ்சமில்ல.

வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா? கீழ கேரட் தோட்டத்துல கேட்டீங்களா? காத்தவராயன் வீட்ல? ஜீப்பு நிக்குமே வாசல்ல, அந்த வீடு. என்ன சொன்னாங்க? சரி, சொல்ல வேணாம். அந்த வீட்ல கேட்டுட்டு மேல வர்றவங்க எல்லாரும் இதே முகத்தோடதான் வர்றாங்க. போன மாசம் கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர், உள்ள வராம வாசல்லயே இறக்கிட்டுப் போயிட்டார்.

போன்ல நான் பன்னெண்டு சோலார் பேனல் கூடுதலா வேணும்னு சொன்னதும் நீங்க கேட்டீங்க, வீட்ல எத்தனை பேரும்மா, இருக்கிற இருபது பத்தாதான்னு. நியாயமான கேள்வி. முப்பத்தோரு வருஷம் பிசிக்ஸ் எடுத்தவ நான், கேள்வி கேக்கறவங்களை எனக்குப் பிடிக்கும். ஆனா அதுக்குப் பதில் போன்ல சொல்ல முடியாது. நடந்ததைச் சொல்றேன், நீங்களே கணக்குப் போடுங்க. பேனா வச்சிருக்கீங்களா? குறிச்சுக்குங்க.

எங்க வீட்டுக்காரர் பேரு ஞானசிகாமணி. ரயில்ல தபால் பிரிக்கிற வேலை. ராத்திரி பூரா ஓடற ரயில்ல நின்னுக்கிட்டே கடுதாசி பிரிச்சு, தூசியெல்லாம் நெஞ்சுக்குள்ள போயி, ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடியே மூச்சிரைப்பு வந்துடுச்சு. மதுரையில டாக்டர் சொன்னார், தூசி இல்லாத காத்து நல்லது, ஆனா குளிர் ஆகாதுன்னு. நான் முதல் பாதியைத்தான் கேட்டேன்னு என் மக ஷீபா சொல்லுவா. அப்படியெல்லாம் இல்ல. ரெண்டையும் கேட்டேன். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கலாம். தூசிக்கு என்ன போட்டுக்கறது?

இந்த நிலத்தை வாங்கினப்ப இந்தப் பக்கம் கரண்ட் கம்பமே கிடையாது. எல்லாரும் கை விரிச்சாங்க. நான் சிரிச்சேன். மலை உச்சியில உட்கார்ந்துக்கிட்டு, தலைக்கு மேல சூரியனை வச்சுக்கிட்டு, கம்பிக்கு எதுக்குக் கெஞ்சணும்? எட்டுப் பேனல் போட்டோம். பேட்டரி, இன்வெர்ட்டர், எல்லாம். முதல் நாள் பல்பு எரிஞ்சப்ப சார் கைதட்டினார். நான் அவரை சார்னுதான் சொல்லுவேன், பழக்கம். "ரூபி, நீ சூரியனையே வீட்டு வேலைக்கு வச்சிட்டியே"ன்னார்.

அடுத்த வருஷம் கார் வாங்கினேன். எலக்ட்ரிக் கார். பெட்ரோல் பங்க் இங்கிருந்து நாப்பத்திரண்டு கிலோமீட்டர். எதுக்கு அங்க போகணும்? சித்திரை வெயில்ல காலையில சொருகினா சாயங்காலம் நூறு. சர்ச்சுக்கு அதுலதான் போவோம். மலை ரோட்ல சத்தமே இல்லாம போகும். பாதர்கூட நின்னு பார்ப்பார். என் கார் என் முத்தத்துல விளையற வெயில்ல ஓடுதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். பெருமைதான். இருந்துட்டுப் போகட்டுமே.

அப்புறம் குளிர்காலம் வந்துச்சு.

கீழ இருக்கறவங்களுக்கு இது புரியாது தம்பி. கார்த்திகையில மேகம் இந்த மலை மேல வந்து உட்கார்ந்தா எந்திரிக்காது. பக்கத்து மரம் தெரியாது. வெளிய கைய நீட்டினா கை நனையும், ஆனா மழை இல்ல. சூரியன் எங்கயோ பால் மாதிரி கரைஞ்சு கிடக்கும். எட்டுப் பேனலும் சேர்ந்து ஒரு நாளைக்கு மூணு யூனிட் குடுக்கும். வீட்டுக்கே பத்தாது, காருக்கு எங்க போறது?

அந்த வருஷம் டிசம்பர்ல சாருக்கு ஒரு நாள் காலையில மூச்சு முட்டிப் போச்சு. ஓடிப் போய் காரைத் திறந்தேன். ஒம்பது சதவீதம். ஒம்பதை வச்சுக்கிட்டு எங்க போக முடியும்? காத்தவராயன் ஜீப்பை எடுத்துட்டு வந்தார். பின்னாடி கேரட் மூட்டை, அதை ஒதுக்கிட்டு சாரைச் சாய்ச்சுப் படுக்க வச்சு, நான் ஒரு மூட்டை மேல உட்கார்ந்து போனேன். ஆஸ்பத்திரி வாசல்ல என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி நின்னுக்கிட்டிருந்தா. "டீச்சர், நீங்க கரண்டு கார் வாங்கியிருக்கறதா சொன்னாங்க?"ன்னா. நல்ல மனசோடதான் கேட்டா. எனக்குக் காது வரைக்கும் எரிஞ்சுது.

அன்னைக்கு முடிவு பண்ணினேன். அந்தக் கார் இனிமே அறுபதுக்குக் கீழ நிக்கக் கூடாது. ஆஸ்பத்திரி போறதுக்கு இருபத்தேழு சதவீதம், வர்றதுக்கு இருபத்தேழு, கைகாவலுக்குக் கொஞ்சம். இது காருக்காக இல்ல தம்பி, இதைக் குறிச்சுக்குங்க. சாருக்காக. எப்ப மூச்சு முட்டினாலும் யார் வாசல்லயும் போய் நிக்காம அவரை ஏத்திக்கிட்டுப் போகணும். அதுக்காக.

அப்புறம்தான் பேனல் கூட்ட ஆரம்பிச்சேன். முதல்ல ஆறு. கூரையில இடமில்ல, முன் முத்தத்துல இரும்புக் கால் நட்டுப் போட்டோம். சார் காலையில நாற்காலி போட்டு வெயில் காயற இடம் அது. அவர் நாற்காலியைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்துல பீன்ஸ் பாத்தி ஓரத்துக்குப் போயிட்டார். அடுத்த வருஷம் இன்னும் ஆறு. மார்கழியில சூரியன் தெக்க சாஞ்சுதான் போகும், அதுக்கு வெயில் விழற இடம் அந்தப் பீன்ஸ் பாத்திதான். வேற வழியில்ல. அளந்து பார்த்தேன். சார் நாற்காலியைப் பின் பக்கம் கொண்டு போனார். அங்க வெயில் மத்தியானம் ஒரு முக்கால் மணி நேரம் வரும். "போதும் ரூபி, அதுக்கு மேல காஞ்சா கருத்துடுவேன்"னு சிரிப்பார். அவருக்கு எப்பவும் விளையாட்டுத்தான்.

டீ எடுத்துக்குங்க. சர்க்கரை பத்தலேன்னா சொல்லுங்க.

அதே வருஷம்தான் கரண்ட் லைன் வந்துச்சு. காத்தவராயனும் இன்னும் நாலு தோட்டக்காரங்களும் சேர்ந்து அலைஞ்சு வாங்கினது. அவர் வீட்டு வாசல் வரைக்கும் கம்பம். ஒரு நாள் வந்து நின்னார், தலைப்பாகையை அவுத்துக் கையில வச்சுக்கிட்டு. "டீச்சரம்மா, இன்னும் ஒரு கம்பம் நட்டா உங்க வீட்டுக்கு வந்துடும். உங்க பேரையும் சேர்த்து எழுதிடட்டுமா? ஐயாவுக்கு உதவியா இருக்கும்."

நான் இருபது பேனலையும் காட்டினேன். "இதுக்கு அப்புறம் உங்க கம்பத்துல நான் வந்து தொங்கணுமா?"ன்னு கேட்டேன். கோவமா கேக்கல, சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன். அவர் சார் இருந்த ஜன்னலை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிட்டார். அந்தப் பார்வையை நான் அப்பவே கவனிச்சிருக்கணும்.

போன வருஷம் ஐப்பசியில டாக்டர் ஆக்ஸிஜன் மெஷின் எழுதிக் குடுத்துட்டார். சிலிண்டர் இல்ல, காத்துல இருந்து தானே பிரிச்சு எடுக்கற மெஷின், கட்டில் பக்கத்துல வைக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மூணுல ஒரு பங்கு யூனிட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினா எட்டு யூனிட். டாக்டர் குறைஞ்சது பதினாறு மணி நேரம் வேணும்னார். நான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பதினாறு மணி நேரம் ஓட்டினா கார் அறுபதுக்குக் கீழ இறங்கிடும். டாக்டர்கள் எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்க, நாமளும் பரீட்சைக்கு அப்படித்தானே பிள்ளைங்ககிட்ட சொல்றோம்? பத்து மணி நேரம்னு வச்சேன். காலையில மூணு, மத்தியானம் மூணு, ராத்திரி நாலு. சுவத்துல எழுதி ஒட்டினேன். அவரும் சரின்னார்.

ஷீபா போன் பண்ணுவா. "அம்மா, அப்பாவை மதுரைக்கு அனுப்பி வை. இங்க வெயில் அடிக்குது, கரண்ட் இருக்கு, நாலு தெரு தள்ளி ஆஸ்பத்திரி இருக்கு." நான் சொல்லுவேன், இங்க எல்லாம் இருக்குடி, அறுபதுல கார் நிக்குதுன்னு. ஒரு நாள் பார்த்தா சார் பைய எடுத்து ரெண்டு வேட்டி மடிச்சு வச்சிருக்கார். "சும்மா ஒரு பத்து நாள் வெயில்ல இருந்துட்டு வரேன் ரூபி"ன்னார். மார்கழி முடியட்டும், நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி, வேட்டியை எடுத்து மறுபடி பீரோவுல வச்சேன். அவர் அதுக்கும் சரின்னார். எல்லாத்துக்கும் சரிங்கற மனுஷன். அதனாலதான் அவர் பண்ணினதை என்னால இன்னைக்கு வரைக்கும் ஜீரணிக்க முடியல.

இப்ப கவனமா கேளுங்க. காலண்டரைப் பாருங்க, சுவத்துல. போன வருஷத்துது, கழட்டல. ஒவ்வொரு தேதியிலயும் எழுதியிருக்கேன் பாருங்க, பேனல் எவ்வளவு குடுத்துச்சு, வீடு எவ்வளவு இழுத்துச்சு, கார் எவ்வளவு ஏறுச்சு. டிசம்பர் மூணாம் தேதியில இருந்து பாருங்க. வீடு இழுக்கறது திடீர்னு குறையுது. தெரியுதா?

அன்னைக்குக் காலையில சார் சொன்னார், "ரூபி, ஒண்ணு கண்டுபிடிச்சேன். இந்த மெஷினை விட்டு விட்டு ஓட்டறதை விட, மெல்ல வச்சு நாள் பூரா ஓட்டினா கரண்ட் கம்மியா இழுக்குது. நீயே பாரேன்." போய்ப் பார்த்தேன். மெஷின் ஓடுது, சத்தம் கேக்குது, இன்வெர்ட்டர்ல நம்பரே ஏறல. எனக்கு ஒரே சந்தோஷம். முப்பத்தோரு வருஷம் பிசிக்ஸ் எடுத்தவ. அது எப்படின்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை யோசிச்சிருந்தா போதும். யோசிக்கல. சிஸ்டம் இப்பத்தான் பழகியிருக்குன்னு நினைச்சேன்.

பதினோரு நாள் தம்பி. பதினோரு நாளும் யூனிட் மிச்சம். அந்தக் குளிர்காலத்துல முதல் தடவையா சுடுதண்ணி போட்டுக் குளிச்சேன். கிணத்து மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பினேன். மிச்சமெல்லாம் காருக்குத்தான். சாருக்கும் முகம் தெளிஞ்சுடுச்சு. உதடு நீலமா இருக்கும், அது மாறிச் சிவப்பு வந்துச்சு. படுக்கையை விட்டு எந்திரிச்சு அடுப்படி வரைக்கும் நடந்தார். ஷீபாவுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன், பாருடி, உங்க அப்பா நடக்கறார், எல்லாம் என் பேனல் பண்ற வேலைன்னு.

ஒம்பதாம் தேதி கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கு சர்ச்சுக்குப் போயிட்டு வந்தேன். வந்தப்ப கார்ல பத்துதான் இருந்துச்சு. அறுபதுக்குக் கீழதான், ஆனா தினமும் மிச்சம் வருதேங்கற தைரியத்துல, நாளைக்கு ஏத்திக்கலாம்னு விட்டேன். மறுநாள் விடிஞ்சா மேகம். கடல்ல ஏதோ புயல் சின்னம்னு ரேடியோ சொல்லுச்சு. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு, நாலு தேதியும். வாசல்ல நிக்கிற பேனல் வாசல்ல இருந்து பார்த்தாத் தெரியாது. அவ்வளவு மூட்டம். எட்டு யூனிட், ஏழு, எட்டு, ஏழு. எழுதியிருக்கேன் பாருங்க. வேற யாரா இருந்தாலும் பயந்திருப்பாங்க. நான் பயப்படல. மெஷின் கம்மியாத்தானே இழுக்குது! வர்றதையெல்லாம் காருக்கு விட்டேன். வீட்டு பேட்டரியில இருந்ததையும் கொஞ்சம் கொஞ்சமா காருக்கு மாத்தினேன். பதினாலாம் தேதி காலையில கார் எண்பது. வீட்டு பேட்டரி இருபத்தொண்ணு. இருபதுக்குக் கீழ போனா இன்வெர்ட்டர் தானா அணைஞ்சிடும், அது தெரியும். ஆனா இழுக்கத்தான் ஒண்ணுமே இல்லியே.

பதினாலாம் தேதி, பன்னெண்டு மணி இருக்கும். சார் படுத்திருந்தார். படுக்கை விரிப்பு மாத்தலாம்னு கட்டிலைக் கொஞ்சம் இழுத்தேன். கட்டிலுக்குப் பின்னாடி, ஜன்னல் சந்து வழியா, ஒரு ஒயர். மஞ்சள் கலர். தோட்டத்துல மோட்டாருக்குப் போடுவாங்களே, அந்தத் தடி ஒயர். மெஷின் அதுலதான் சொருகியிருந்துச்சு.

வெளிய போய்ப் பார்த்தேன். சுவரோரமா இறங்கி, செடிக்குள்ள ஓடி, வேலிக்கு அந்தப் பக்கம், காத்தவராயன் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குள்ள போகுது.

என் வீட்ல. இருபது பேனல் போட்ட என் வீட்ல, என் புருஷன், அடுத்த வீட்டுக் கரண்டுல மூச்சு விட்டுக்கிட்டிருக்கார்.

உள்ள வந்து கேட்டேன், "இது என்ன?" அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். மூக்குல குழாய். "கோச்சுக்காத ரூபி. உன் கணக்கையும் கெடுக்க வேணாம், எனக்கும் மூச்சு வேணும்னு பார்த்தேன்"னார். அப்புறம், "அவங்களாத்தான் குடுத்தாங்க. பஞ்சவர்ணம்தான் ஜன்னல்ல ஒயரை நீட்டுச்சு"ன்னார். பஞ்சவர்ணம் காத்தவராயன் சம்சாரம். எத்தனை பேர் தம்பி! மூணு பேர் சேர்ந்து பதினோரு நாள் என்னை முட்டாளாக்கியிருக்காங்க. அந்த மிச்சம் என் மிச்சமே இல்ல. நான் போனைப் போட்டு மககிட்ட பெருமையடிச்சது அடுத்தவன் வீட்டுக் கரண்டு.

நான் கத்தல. பிடுங்கினேன். பிடுங்கி, மெஷினை நம்ம ப்ளக்குல சொருகினேன். இதையும் குறிச்சுக்குங்க, நான் மெஷினை நிறுத்தல. மாத்திச் சொருகிட்டுத்தான் போனேன். ஓடற சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் போனேன். ஷீபா இதை நம்பமாட்டேங்கறா.

ஒயரை ஒழுங்காச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு வேலிக்குப் போனேன். காத்தவராயன் பூண்டு பிரிச்சுக்கிட்டிருந்தார், கொட்டகைக்குள்ள பல்பு எரியுது. அந்த மூட்டத்துலயும் அவங்க வீட்ல பல்பு எரியுது. ஒயரை வேலி மேல வச்சேன். அப்புறம் என்னவெல்லாம் பேசினேன்னு முழுசா ஞாபகமில்ல. திருட்டுத்தனம்னு சொன்னேன். அவர், "டீச்சரம்மா, ஐயா மெஷின் இப்ப எதுல ஓடுது?"ன்னு மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லாம என் பேச்சைப் பேசினேன். மறுபடி கேட்டார். "ஐயாவுக்கு இப்ப எதுல ஓடுது?" மூணாவது தடவையும் கேட்டார். பஞ்சவர்ணம் வந்து, "அம்மா, மெஷின் சத்தம் கேக்கலியே"ன்னா. எங்க வீட்டு மெஷின் சத்தம் அவங்க வேலி வரைக்கும் கேக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அவங்க தினமும் கேட்டுக்கிட்டிருந்திருக்காங்க.

ஓடினேன். இன்வெர்ட்டர் அணைஞ்சிருந்துச்சு. பத்தொம்பது. அரை மணி நேரம்தான் தம்பி. அரை மணி நேரத்துல இருபத்தொண்ணு பத்தொம்பதாயிடுச்சு. சார் கட்டில்ல பாதி எந்திரிச்சு உட்கார்ந்திருந்தார். ரெண்டு கையையும் முட்டியில ஊனிக்கிட்டு. உதடு பழைய மாதிரி. என்னைப் பார்த்துப் பேச வாய் திறந்தார், வார்த்தை வரல.

பின்னாடியே காத்தவராயன் வந்துட்டார், ஒயரை இழுத்துக்கிட்டு. "முதல்ல சொருகுவோம் டீச்சரம்மா. பத்து நிமிஷம் மூச்சு நிதானப்படட்டும். நான் ஜீப்புல சிலிண்டர் கொண்டாந்து ஏத்திக்கறேன், ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டா குடுப்பாங்க, ரெண்டு மைல்தான்."

அவர் சொன்னது தப்புன்னு நான் சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க. மூணு வருஷமா நான் எதுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்? கார் எண்பதுல நிக்குது. எண்பது! இதே டிசம்பர், இதே மூட்டம், அன்னைக்கு ஒம்பது, இன்னைக்கு எண்பது. இதுக்காகத்தான் அவ்வளவும். "ஒயர் வேணாம். கார் இருக்கு"ன்னேன். பஞ்சவர்ணம் என் கையைப் பிடிச்சா. உதறிட்டேன். சாரைத் தூக்கிப் பின் சீட்ல சாய்ச்சு வச்சது காத்தவராயன்தான். அதை மறைக்கல. கூட வரேன்னார். வேணாம்னுட்டேன்.

கார் அருமையாப் போச்சு தம்பி. மூட்டத்துல லைட்டைப் போட்டுக்கிட்டு, சத்தமே இல்லாம. நான் பேசிக்கிட்டே ஓட்டினேன். "எழுபத்தாறு சார். எழுபத்திரண்டு. பயப்படாதீங்க, நிறைய இருக்கு"ன்னு. முதல்ல பின்னாடி இழுத்து இழுத்து மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் தூங்கிட்டார்னு நினைச்சேன். வனத்துறை செக்போஸ்ட்ல கம்பு போட்டிருந்தாங்க. காவலுக்கு இருந்தவர் குனிஞ்சு பின் சீட்டைப் பார்த்தார். பார்த்துட்டு, தொப்பியைக் கழட்டிக்கிட்டுக் கம்பைத் தூக்கினார். டீச்சர்னு மரியாதை பண்றார்னு நினைச்சு நான் தலையாட்டிட்டுப் போனேன். அங்கிருந்து இன்னும் பத்தொம்பது கிலோமீட்டர். அந்தப் பத்தொம்பதும் நான் பேசிக்கிட்டேதான் போனேன்.

ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தினப்ப ஐம்பத்து மூணு. ஐம்பத்து மூணு மிச்சம், தம்பி. திரும்பி வீடு வந்து சேர்ந்தாலும் இருபத்தாறு நிக்கும்.

டாக்டர் வெளிய வந்து, வர்ற வழியிலயே முடிஞ்சிருக்கும்மான்னார். வீட்ல மெஷின் இல்லையான்னு கேட்டார். இருக்குன்னேன். அவர் திரும்பி உள்ள போயிட்டார்.

அடக்கம் மதுரையில. ஷீபா இங்க வைக்க விடல. "அப்பா கேட்டது வெயில்"னு மட்டும் சொன்னா. எல்லாம் முடிஞ்சு, அவ வீட்டு மாடியில என்னை உட்கார வச்சுக் கேட்டா: "அந்த ஒயர் எத்தனை நாள் இருந்துச்சும்மா?" பதினோரு நாள்னேன். அவ அழல. "அந்தப் பதினோரு நாளும் தினமும் சாயங்காலம் அப்பா எனக்குப் போன்ல பாட்டுப் பாடினார். முழுப் பாட்டு. நடுவுல நிறுத்தாம"ன்னா. எனக்கு அது தெரியாது. சாயங்காலம் நான் வெளிய காருக்குப் பக்கத்துல நிப்பேன், எத்தனை ஏறியிருக்குன்னு பார்க்க. அதுக்கப்புறம் அவ எனக்குப் போன் பண்ணல. நான் பண்ணினாலும் எடுக்கறதில்ல.

ஒரு விஷயம் யாருக்கும் புரியமாட்டேங்குது. எல்லாரும் நான் ஒயரைப் பிடுங்கினதையே பேசறாங்க. அந்த ஒயரே இல்லாம இருந்திருந்தா எனக்கு உண்மையான கணக்குத் தெரிஞ்சிருக்கும். பேட்டரி இறங்கறது தெரிஞ்சிருக்கும், காருக்கு விட்டிருக்கமாட்டேன். பொய்க் கணக்கைக் காட்டி என்னை ஏமாத்தினது அவங்க. அதனால அந்தப் பதினோரு நாளை நீங்க கணக்குல சேர்க்காதீங்க. அது தப்பான அளவு. அடிச்சிடுங்க. மத்த நாளை வச்சுப் போடுங்க.

என்ன எழுதறீங்க? காட்டுங்க. இல்ல, கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியாது, நீங்களே படிங்க.

எட்டு, ஏழு, எட்டு, ஏழு. பேனல் குடுத்தது, அது நிஜ அளவுதான், சரி. மெஷின் பதினாறு மணி நேரத்துக்கு அஞ்சரை. லைட்டு, மத்ததெல்லாம் ஒன்றரை. ஏழு. வர்றதும் ஏழு.

அப்படின்னா?

மறுபடி சொல்லுங்க. இருபது பேனலே போதுமா? அந்த மூட்டத்துலயா? டாக்டர் சொன்ன பதினாறு மணி நேரத்துக்கா?

காரைச் சொருகாம இருந்தா.

கார் இல்லாம எப்படித் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போறது? ...ஜீப்பு. ஆமா, ஜீப்பு நின்னுச்சு. எப்பவும் நிக்கும். இப்பவும் நிக்குது, நீங்க பார்த்தீங்களே வர்றப்ப.

கொஞ்சம் இருங்க. வெயில் வந்துடுச்சு போல. இல்ல, இன்னும் வரல.

இப்ப எனக்கு எதுக்குன்னு கேக்கறீங்க. நான் ஒருத்தி. மெஷினைத் திருப்பிக் குடுத்தாச்சு. கார் நாலு மாசமா நூறுல நிக்குது, எங்கயும் போறதில்ல, இருந்தும் காலையில சொருகிடுவேன், கை பழகிப் போச்சு. இருபது பேனலும் பாதி நாள் சும்மாத்தான் கிடக்கு. அது எனக்கும் தெரியும். நான் கேக்கறது இந்த வருஷத்துக்கு இல்ல. எனக்கு அந்த அஞ்சு நாள் மட்டும் நேராகணும். டிசம்பர் பத்துல இருந்து பதினாலு வரைக்கும். அதே மூட்டம், அதே மலை. மெஷின் நாள் முழுக்க ஓடணும். காரும் எண்பது ஏறணும். வீட்டு பேட்டரி இருபதுக்குக் கீழ இறங்கக் கூடாது. யார்கிட்ட இருந்தும் ஒயர் வரக் கூடாது. அதுக்கு எத்தனை பேனல் வேணும்னு சரியா ஒரு நம்பர் சொல்லுங்க. பன்னெண்டு நான் போட்டது. அதிகமா இருந்தாலும் சரி. இடம் இல்லேன்னா பின் பக்கம் இருக்கு, அங்க இப்ப யாரும் உட்கார்றதில்ல.

எழுதுங்க தம்பி. பேனாவை ஏன் மூடுறீங்க?